நேசன் நிற்காத இடம்

கூரையில்லாத கோயிலில் பூசை வைக்கலாம் என்று எந்த விசரனுக்கு யோசனை வந்ததோ தெரியாது. இந்த ஜெர்மனியில் ஹீற்றர் போட்ட கோயில்கள் டோர்ட்மண்டிலேயே எத்தனையோ இருக்க, ஒவ்வொரு நவம்பரும் சௌவர்லாண்ட் காட்டுக்குள் இடிந்து கிடக்கும் இந்தப் பழைய துறவிகள் மடத்துக்கு வந்து, மூக்கு ஒழுக ஒழுக லத்தீனில் பாடுகிறோம். பாட்டுக்குழுவில் நான் ஒருத்திதான் தமிழ். எங்கள் யாழ்ப்பாணத்துக் கோயிலில் மரித்தோர் பூசையை மட்டும் பழைய முறையில் வைத்திருந்தார்கள். சின்ன வயதிலேயே இந்தப் பாட்டுகளைப் படித்தவள் என்று ஹெர் லூடெவிக் என்னைச் சேர்த்துக்கொண்டார். பாட்டு நடத்தும் அந்த மனுசனுக்குக் கடவுளைவிட ஒழுங்குதான் பெரிது.

என்னைக் காரில் கொண்டுவந்து விடுவது என் தம்பி நேசனின் மனைவி சந்திரகாந்தி. சைவக்காரி, பூசைக்கு உள்ளே வரமாட்டாள். இடிந்த வடக்குச் சுவருக்கு வெளியே, ஈரப் புல்லில், தேநீர்ப் பிளாஸ்கோடு நிற்பாள். நெற்றியில் எந்த நேரமும் குங்குமப் பொட்டு. நேசன் ஊரில் நடந்த கடைசிச் சண்டையில் காணாமல் போனவன். அவன் இனி இல்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவளிடம் மட்டும் வாய் திறக்க ஏலாது.

இந்த வருசம் துணிந்துவிட்டேன். இறந்தவர்களின் பெயர்களோடு நேசனின் பெயரையும் வாசிக்கும்படி பாதருக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டு, வரும் வழியில் அவளிடமும் சொன்னேன். அவள் காரை ஓரங்கட்டினாள்.

"அந்தப் பேரை எடுக்கச் சொல்லுங்கோ, மச்சாள்."

"ஏன்? அவன்ரை ஆத்துமம் இன்னும் எவ்வளவு காலத்துக்கு அலையிறது? ஒரு பூசை குடுக்கிறதிலை உமக்கு என்ன குறைஞ்சு போகுது?"

"எடுக்கச் சொல்லுங்கோ. இல்லாட்டி இப்பிடியே திருப்பிக்கொண்டு போறன்."

"சரி, சொல்லுறன்" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு. சொல்லும் எண்ணமே எனக்கு இல்லை. என் கூடப்பிறந்தவனைப் பூசை இல்லாமல் விட நான் என்ன கல்லா?

மடம் முழுக்கப் பனிப்புகார் மூடிக் கிடந்தது. பூசைக்கு முன் மரித்தோருக்கான சங்கீதம் பாடவேண்டும். இரண்டு பக்கமாக நின்று, தெற்குப் பக்கம் ஒரு வரி, வடக்குப் பக்கம் மறு வரி என்று மாறி மாறிப் பாடுவதுதான் முறை. ஒவ்வொரு வரியின் நடுவிலும் ஒரு மூச்சு நேரம் எல்லோரும் நிறுத்தவேண்டும். அந்த மௌனத்தில்தான் ஹெர் லூடெவிக்கின் உயிரே இருக்கிறது. நேசனுக்கோ அந்த இடத்தில் நிற்கவே தெரியாது. ஊர்க் கோயிலில் எல்லோரும் மூச்செடுக்க, அவன் மட்டும் முந்திக்கொண்டு அடுத்த பாதிக்குள் பாய்வான். பாட்டு மாஸ்டர் எவ்வளவு குட்டியும் திருந்தவில்லை. கலியாணம் கட்டிய பிறகும் கிணற்றடியில் குளிக்கும்போது இதே சங்கீதம்தான். "செத்தவீட்டுப் பாட்டை விடுங்கோவன்!" என்று சந்திரகாந்தி அடுப்படியில் இருந்து கத்துவாள்.

வடக்குப் பக்கம் நின்ற நாங்கள் எல்லோரும் பெண்கள். எங்களுக்குப் பின்னால் உடைந்த சுவர் மட்டும்தான். எங்கள் முறை வந்தது. முதல் பாதியைப் பாடி நிறுத்தினோம். அந்த மௌனத்துக்குள் பின்னாலிருந்து ஓர் ஆண்குரல் முந்திக்கொண்டு நுழைந்தது.

பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்தேன். அவர்கள் அமைதியாக மூச்செடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த முறையும் அதே இடத்தில் அதே குரல் வந்தது, இன்னும் கிட்டத்தில், கொஞ்சம் கரகரப்பாக. என் மாதாவே! அந்தக் குரலை எனக்குத் தெரியாதா? பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு, ஹெர் லூடெவிக் முறைக்க முறைக்க, சுவரின் உடைவு வழியாக வெளியே போனேன்.

சந்திரகாந்தி சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றாள்.

"உமக்குக் கேட்டதோ?" என்றேன்.

"உங்களுக்கு இப்பத்தான் கேட்டதோ, மச்சாள்?"

"எப்ப இருந்து?"

"வந்த முதல் வருசமே. பிறகேன் இந்தக் குளிருக்கை இவ்வளவு தூரம் வாறன்? உங்கடை லத்தீனுக்கோ?"

"அப்ப அவன் செத்திட்டான் எண்டு உமக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டோ பூசை வேண்டாம் எண்டனீர்?"

"பூசை வைச்சு இளைப்பாற்றி குடுத்தால் போயிடுவார், மச்சாள்" என்றாள். "எனக்கு வேறை என்ன மிச்சம் இருக்கு?"

என் கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். உள்ளே பூசை தொடங்கும் மணி அடித்தது.

"நான் பேரை எடுக்கச் சொல்லேல்லை. இப்ப ஓடிப்போய்ச் சொல்லட்டோ?" என்றேன். இந்த முறை உண்மையாகவே கேட்டேன்.

அவள் சுவரில் கையை வைத்தாள். கல் நனைந்து சில்லிட்டிருந்தது. "கூரையும் இல்லை. என்ரை ஆசைக்காக அவரை இன்னும் எத்தினை மாரிக்கு இதுக்கை நிக்க வைக்கிறது?" என்றவள், கண்ணைத் துடைத்தாள். "வாசிக்கட்டும்."

முதல் தடவையாக என்னோடு உள்ளே வந்தாள். பாதர் ஜெர்மன் வாயால் நேசனின் பெயரை இழுத்து வாசித்தபோது, என் கையை நோகும்படி இறுக்கினாள்.

பூசை முடிந்ததும் வடக்குச் சுவரை ஒட்டியிருக்கும் துறவிகளின் கல்லறைகளுக்குப் போய் அதே சங்கீதத்தை மறுபடியும் பாடுவது வழக்கம். முதல் பாதியைப் பாடி நிறுத்தினோம். ஒன்றும் இல்லை. சுவரில் இருந்து தண்ணீர் சொட்டியது மட்டும் கேட்டது. அடுத்த முறையும் ஒன்றும் இல்லை. போய்விட்டான். இதைத்தானே நான் இவ்வளவு காலமும் மன்றாடினேன்? ஆனாலும் பாதரின் சட்டையைப் பிடித்து, என் தம்பியைத் திருப்பித் தா என்று கேட்கவேண்டும் போலிருந்தது.

மறுபடியும் எங்கள் முறை. நிறுத்தினோம். அந்த மௌனத்துக்குள் முந்திக்கொண்டு ஒரு குரல் வந்தது. பெண்குரல். சந்திரகாந்தி கண்ணை மூடிக்கொண்டு, கிணற்றடிப் பாட்டாகக் கேட்டுக் கேட்டு வாயில் ஏறிய லத்தீனை அப்படியே பாடிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்த பாட்டில் அந்த இடத்தில் நிறுத்தமே இல்லை.

ஹெர் லூடெவிக் அவளை நிறுத்தக் கையை உயர்த்தினார். நான் அந்தக் கையைப் பிடித்து இறக்கினேன். அதற்குப் பிறகு வந்த வரியில் நானும் நிற்கவில்லை.