ஆஸ்பத்திரி உள்ள கடற்கரை

படகு வாடகைக்கு விடும் ஆபீசுக்கு நான் வெறுங்கையோடு போகவில்லை. பதினோரு ஆஸ்பத்திரிகளுக்கு போன் போட்டு, எந்தக் கடற்கரையில் டயாலிசிஸ் மிஷின் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் போய் நாலு வருஷம் ஆகிறது. திங்கள், புதன், வெள்ளி மிஷினில் படுத்தே ஆக வேண்டும். ஒரு வாரம் விட்டால் ஆள் மிஞ்ச மாட்டார்.

முப்பது வருஷம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஊரார் சரக்கையெல்லாம் கப்பலில் ஏற்றி அனுப்பினாரே தவிர, தான் ஒரு படகில்கூடக் கால் வைத்ததில்லை. "சாகறதுக்குள்ள ஒரு வாரமாவது கடல்ல இருக்கணும்" என்று இந்த வருஷம் பிடித்த பிடி உடும்புப் பிடி. சரி, போய்த் தொலைவோம் என்றுதான் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

ஆபீஸ் பெண் மேஜையில் நாலு பயணங்களின் படங்களைப் பரப்பினாள். நான் முதல் படத்தைத் தொட்டு, "இதுதான்" என்றேன். தினமும் சாயங்காலம் ஏதாவது ஊரில் படகைக் கட்டிவிடுவார்கள். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிஷம்.

அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசிப் படத்தை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டார். "இது எப்படிம்மா?"

"அதுவா ஐயா! குட்டிக் குட்டித் தீவுங்க. ஊரே கிடையாது. சனிக்கிழமை கிளம்பினா அடுத்த சனிக்கிழமைதான் திரும்புவீங்க. போன்கூட எடுக்காது." ஏதோ வரம் கொடுப்பவள் மாதிரி சொன்னாள்.

"இதையே போடு."

அவள் படிவம் எடுக்க உள்ளே போனதும் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கறீங்களா? ஏழு நாள் மிஷின் இல்லாம என்ன ஆகும்னு தெரியாது?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் கேக்கறீங்களா?"

"ஆமா. ஒரு நாள் மிஷின்ல படுக்கறேன், மறுநாள் அசதில படுக்கறேன். இதுக்குப் பேரு வாழ்க்கையா? போதும்டி."

"அப்ப என்னை எதுக்குக் கூட்டிட்டுப் போறீங்க? வேடிக்கை பாக்கவா?"

"வேற யார் இருக்கா எனக்கு?"

அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது.

படிவம் வந்தது. அவருக்குக் கை நடுங்கும், எங்கள் வீட்டில் எழுத்து வேலையெல்லாம் என்னுடையதுதான். பெயர், வயது எழுதினேன். அடுத்த வரி: பயணிகளில் யாருக்காவது தொடர் சிகிச்சை உண்டா? உண்டு, இல்லை என்று இரண்டு கட்டம்.

மேஜைக்கு அடியில் அவர் கை என் முழங்காலைப் பிடித்தது. கெஞ்சுகிறார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னிடம் எதற்கும் கெஞ்சாத மனுஷன்.

நான் 'உண்டு' என்பதில் டிக் போட்டேன். பக்கத்திலேயே டயாலிசிஸ் என்று பெரிதாக எழுதினேன், புரியவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது பாருங்கள்.

அந்தப் பெண் படித்தாள். சிரிப்பு போய்விட்டது. "ஐயா, அப்ப அந்தத் தீவுக்கு எங்களால அனுப்ப முடியாதுங்க" என்று படத்தை எடுத்து டிராயரில் வைத்தாள்.

"அம்மா சொன்னதையே போடும்மா" என்றார். முழங்காலிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

வெளியே வந்து அவரைக் காரில் ஏற்றி பெல்ட்டை மாட்டிவிட்டேன். "இப்ப நிம்மதியா?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்டிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"நிம்மதிதான்" என்றேன். பொய் இல்லை. அதனால்தான் இன்றைக்கு வரை அவர் முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.