எந்தக் காதில் கேட்கிறது?

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட. காதைப் பற்றிய கதை. சத்தம் போட்டுச் சொல்ல மனம் வரவில்லை. பயந்து நடுங்கிய ஒருத்தியின் கதைதான். ஆனால் நான் கூடவே இருக்கிறேன்.

பீங்கான் கோப்பை செய்யும் ஆலையில் அவளுக்கு வேலை. சூளையில் வெந்து வரும் கோப்பையை இடது காதருகே பிடித்து, மரக்குச்சியால் விளிம்பில் ஒரு தட்டு. கணீரென்றால் நல்லது. மொத்தென்றால் கண்ணுக்குத் தெரியாத விரிசல். அதற்கு அங்கே ‘ஊமை’ என்று பெயர். ஊமைகள் தொட்டியில் விழுந்து நொறுங்கும். அவள் தட்டித் தவறியதில்லை. அதனால் ஆலையே அவளை மணிக்காது என்றுதான் கூப்பிட்டது.

மழைக்காலத்தில் ஒரு சளி வந்து போனது. தலைவலி மட்டும் போகவில்லை. இடது புருவத்துக்கு மேல் யாரோ கட்டைவிரலால் அழுத்துவதுபோல விடிந்ததும் தொடங்கிவிடும். பிறகு இடது காதில் பஞ்சடைத்தது. ஒருநாள் எடுத்த கோப்பையெல்லாம் மொத்தென்றன. அத்தனையையும் தொட்டியில் போட்டுவிட்டாள்.

மேஸ்திரி ஓடிவந்தார். “என்னம்மா, சூளைக்கே ஊமைநோய் வந்துருச்சா?” மிச்சமிருந்த ஒன்றை எடுத்து, ஆலை இரைச்சலுக்கு நடுவே அவள் இடது காதருகே தட்டினார். அது நல்ல கோப்பை என்பது அவர் முகத்தைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரிந்தது.

மருத்துவமனைக்குத் துணையாகக் கணவனின் தங்கை வந்தாள். வாய் ஓயாதவள். “அண்ணி, நான் அடைச்ச காதுப் பக்கம் உக்காந்துக்கறேன். என் பேச்சுலேர்ந்து உங்களுக்கு லீவு.”

அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. தெருமுனைத் தையல்காரரும் தலைவலி என்றுதான் படுத்தார். எழுந்திருக்கவே இல்லை.

டாக்டரம்மா காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். பிறகு கவட்டைபோல ஓர் இரும்பைத் தட்டி, அது அதிரும்போதே காம்பை அவள் நெற்றி நடுவில் வைத்தார். “சத்தம் எந்தக் காதுல ஜாஸ்தியா கேக்குது?”

அவளுக்கு அடைத்த காதில்தான் கணகணவென்று கேட்டது. செத்த காது எப்படிப் பேசும்? மூளை பிசகிவிட்டது, வேறென்ன!

“வலது காதுல, டாக்டர்.”

டாக்டரம்மாவின் முகம் மாறியது. “நரம்புல ஏதாவது இருக்கலாம். தலையை ஸ்கேன் பண்ணிப் பாத்துடுவோம்மா.”

ஸ்கேன் அறையின் மூடிய கதவுக்குப் பின்னால் இயந்திரம் இடியாய் இடித்தது. அவள் வளையல்களைக் கழற்றினாள். ஒன்று கைநழுவி விழுந்து உருண்டது.

“எனக்கு ஏதாவது ஆச்சுன்னா… உங்கண்ணனுக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாதே.”

“அதைச் சொல்லிக் குடுக்கவே நீங்க நூறு வருஷம் இருக்கணும், அண்ணி.”

“இல்லடி. நான் பொய் சொல்லிட்டேன். அடைச்ச காதுலதான் ஜாஸ்தியா கேட்டுச்சு. பைத்தியம்னு நெனச்சுப்பாங்களோன்னு…”

வாய் ஓயாதவள் சட்டென்று எழுந்தாள். அண்ணியின் கையைப் பிடித்து இழுத்தாள். “எந்திரிங்க! தட்டிப் பாக்குறப்போ கோப்பையே பொய் சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?”

டாக்டரம்மாவின் அறையில் மறுபடியும் நெற்றியில் இரும்பு. “இடது,” என்று கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“இதை முதல்லயே சொல்லக் கூடாதாம்மா! காது அடைச்சிருந்தா, எலும்பு வழியா வர்ற சத்தம் அந்தப் பக்கம்தான் தூக்கலா கேக்கும். நரம்பு நல்லாத்தான் இருக்குன்னு தோணுது.” மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டுப் பார்த்தார். வேறொரு கருவியைக் காதில் வைத்தும் பார்த்தார். பழைய சளி முகத்து எலும்புக்குள் தங்கி வலிக்கிறது, செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறது என்றார். “மருந்து தர்றேன். வலி நிக்கலேன்னா ஸ்கேன் எடுத்தே ஆகணும். மறைக்காம வந்து சொல்லணும்.”

பயம் உடனே போய்விடுமா? தினமும் விழித்ததும் புருவத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, அந்தக் கட்டைவிரல் வருகிறதா என்று மூச்சடக்கிக் காத்திருந்தாள். ஒரு காலை அது வரவில்லை. சமையலறைக்குப் போய், ஒரு கோப்பையை இடது காதருகே பிடித்துக் கரண்டிக் காம்பால் தட்டினாள்.

கணீர்.

அடுப்படியில் நின்ற கணவன் பதறித் திரும்பினான். “என்ன, ஊமையா?”

“நல்ல கோப்பைதான்,” என்று நீட்டினாள். அவன் தானே வைத்த வெந்நீரை அதில் ஊற்றினான்.

உங்கள் வீட்டுக் கோப்பைகளும் கணீரென்றே இருக்கட்டும், கண்ணுகளா. வலிக்கிற இடத்தைச் சொல்ல வாயும், கேட்கப் பக்கத்தில் ஓர் ஆளும் உங்கள் வீட்டில் என்றும் குறையாதிருக்கட்டும்.