கம்பத்தின் கீழே நிற்பவன்

மழையில் கம்பம் நனைகிறது. நான் நனையவில்லை.

கரண்ட் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே அந்தக் கம்பம். உச்சியில் ஒரு காக்கை, இறகை உதறி உதறி உட்கார்ந்திருக்கிறது. ஐப்பசி மழை. உள்ளே நான், ஒரு மேசை, ஒரு போன்.

போன் அடிக்கிறது. "யோவ், கரண்டு எப்பய்யா வரும்? எல்லாரும் தூங்குதியளா?"

வைக்கிறேன். மறுபடி அடிக்கிறது. மறுபடி வசவு.

இதற்குப் பெயர் ஓய்வான வேலையாம். மனசு சரியில்லாமல் போனவனின் காதில் ஊர்க் கோபத்தையெல்லாம் ஊற்றினால் சரியாகிவிடும் என்று எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ. அவன் நன்றாக இருக்கட்டும்.

நான் தளவாய். லைன்மேன். கம்பம் ஏறுகிறவன். ஏறிக்கொண்டிருந்தவன் என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை.

போன ஐப்பசியிலும் மழைதான். முதலில் தூக்கம் போனது. அப்புறம் சோறு. அப்புறம் பேச்சு. என் மனைவி உலகம்மாள் துவைத்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு, காயப்போட மறந்து, என்னையே பார்த்தபடி நிற்பாள்.

என்ன காரணம், என்ன காரணம் என்று எல்லோரும் கேட்டார்கள். காரணம் இருந்தால் சொல்ல மாட்டேனா?

ஒரு நாள் கம்பத்தின் மேலே கை நின்றுவிட்டது. இடுப்பில் கயிறு இருந்தது. இறங்கத் தெரியவில்லை. கம்பத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

கீழே இசக்கிதுரை, என்னோடு ஜோடியாக வேலைக்கு வருகிறவன். "தொர, முடியலடே, என்னால எறங்க முடியல" என்று கத்தினேன். அவன் ஏறி வந்து, ஒவ்வொரு காலாக எடுத்து வைக்கச் சொல்லி என்னை இறக்கினான். தெருவே நின்று பார்த்தது.

நான் செய்த குற்றம் அவ்வளவுதான்.

பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மாவிடம் பேசினேன், அழுதேன், மறுபடி பேசினேன். மாத்திரை சாப்பிட்டேன். தூக்கம் வந்தது. பசி வந்தது. ஒரு நாள் உலகம்மாள் ஏதோ சொல்ல, சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

இனி கம்பம் ஏறலாம் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். ஓடி வந்தேன் ஆபீசுக்கு.

எங்கள் அதிகாரி ரெஜினா மேடம் நல்ல மனுஷிதான். அதுதான் எனக்கு எரிச்சல். கெட்டவராக இருந்தால் மனதுக்குள் நாலு வார்த்தை திட்டிவிட்டாவது போகலாம்.

"எல்லாம் சரி தளவாய். இனிமே இந்த மாதிரி வராதுன்னு டாக்டர்கிட்ட ஒரு வரி எழுதி வாங்கிட்டு வந்துடுங்க. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான்தானே பதில் சொல்லணும்?"

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "எனக்கே வராதுன்னு என்னால எழுத முடியாதுங்க."

இவர் எழுத மாட்டார். மேடம் எழுதி வாங்காமல் விடமாட்டார். மழைக்காலம் வந்துவிட்டது. நான் நாற்காலியில்.

கால் முறிந்து கிடந்துவிட்டு வந்த லைன்மேன் சேர்மக்கனியிடம் இனிமேல் முறியாது என்று யாராவது எழுதி வாங்கினார்களா? மாலை போடாத குறையாக வரவேற்றார்கள். எனக்கு டீ கொடுக்கும்போதுகூட, "சூடு அண்ணாச்சி, பாத்து, பாத்து" என்கிறார்கள். டீ குடிக்கத் தெரியாதா எனக்கு? பற்றிக்கொண்டு வருகிறது.

மழை. போன். மழை. போன்.

இன்று மதியம் காற்று சுழற்றி அடித்தது. பள்ளிக்கூடத் தெருவில் வேப்பங்கிளை முறிந்து கம்பி மேல் கிடக்கிறது. இசக்கிதுரை சொட்டச் சொட்ட வந்து வாசலில் நின்றான். மற்றவர்கள் எல்லோரும் மலையடிவாரத்தில் விழுந்த கம்பங்களோடு மல்லுக்கட்டுகிறார்கள். தனியாக ஏறக் கூடாது. கீழே ஒருவர் நின்றே ஆக வேண்டும்.

"அண்ணாச்சிய அனுப்புங்க மேடம். ஏற வேண்டாம். கீழ நிக்கட்டும்."

மேடம் என்னைப் பார்த்தார். மழையைப் பார்த்தார். அடித்துக்கொண்டே இருந்த போனைப் பார்த்தார்.

"கீழ மட்டும்தான்."

டிரான்ஸ்பார்மரில் பியூஸ் கட்டைகளைப் பிடுங்கினால்தான் கம்பியில் கரண்ட் நிற்கும். பிடுங்கிய கட்டைகளை, ஏறுகிறவன் தன் பையிலேயே போட்டுக்கொண்டு ஏறுவான். எங்கள் வழக்கம் அது. எவனாவது அவசரக்குடுக்கை திரும்ப மாட்டிவிட்டால் மேலே இருப்பவன் கதி?

இதில் இசக்கிதுரை மகா பிடிவாதக்காரன். பெற்ற தகப்பன் கேட்டாலும் கட்டையைக் கொடுக்க மாட்டான். நான் நன்றாக இருந்த காலத்தில் எனக்கே கொடுத்ததில்லை.

இன்று பிடுங்கினான். மூன்று வெள்ளைப் பீங்கான் கட்டைகள். மழை அவற்றின் மேல் வழிந்தது. என் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்து, கட்டைகளை அவற்றில் வைத்தான்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"என்னடே, பாவம் பாக்கியா? ஒன் பையில போடு."

"பாவமா? போங்க அண்ணாச்சி." கயிற்றை இடுப்பில் இறுக்கினான். "இங்க எல்லாவனும் முடியாட்டாலும் முடியும்னுதான் சொல்லுவான். நீங்க ஒராளுதான் முடியலன்னு மேல இருந்து கத்துனிய. கீழ நிக்க முடியலன்னாலும் கத்துவிய. வேற எவன் கத்துவான்?"

ஏறிவிட்டான்.

நான் அழுதேன். மழையில் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தால்தான் என்ன?

சட்டைப்பையில் என் போன் அடித்தது. மேடம். "தளவாய், இங்க எல்லாரும் கத்துறாங்க. கட்டையை மாட்டிடலாமா?"

"அவன் எறங்கட்டும் மேடம். அதுவரைக்கும் மாட்ட மாட்டேன்."

மேடம் குரலைத் தணித்தார்: "நீங்க... நல்லா இருக்கீங்களா?"

"பயமாத்தான் இருக்கு மேடம். நிக்கேன்."

நாளைக்கு அந்த ஒரு வரியை அவர் மறுபடி கேட்பார். மறுபடி அந்த நாற்காலி, அந்த வசவு. எனக்குத் தெரியாதா என்ன? நானும் மறுபடி போய் அவர் முன்னால் நிற்பேன். எழுதித் தர முடியாததைக் கேட்காதீர்கள் என்று, இந்த முறை கத்தியே சொல்வேன்.

மேலே கிளையில் அரிவாள் வெட்டு விழுகிற சத்தம். வேப்பிலைகள் என் தலையில் உதிர்கின்றன. அண்ணாந்தபடியே நிற்கிறேன், கட்டைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

மழையில் கம்பம் நனைகிறது. நானும் நனைகிறேன்.