வரையாமல் விட்ட மண்

கோமதியும் அவள் தம்பி சங்கரபாண்டியும் ஓர் அனிமே படத்துக்குள் வேன் ஓட்டிக்கொண்டு போனார்கள். கோடை விடுமுறைக்கு ஊட்டியில் அறை கிடைக்கவில்லை. இதில் இடம் இருந்தது.

"காட்சியெல்லாம் பிரமாதமா இருக்கும்," என்று டிக்கெட் கொடுத்து ஏற்றிவிட்டவர் முதலிலேயே சொன்னார். "கதைதான் கொஞ்சம் போதாது. பரவாயில்லையா?"

"கதை எதுக்கு சார்?" என்றான் சங்கரபாண்டி. "சுத்திப் பாக்கத்தான போறோம்."

ஊரில் கோமதி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். சங்கரபாண்டி செல்போன் பழுதுபார்ப்பவன். முப்பது வயதாகியும் அக்காளை விட்டு நகராதவன். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவனுக்குச் சோறு போட்டவள் அவள்தான்.

உள்ளே நுழைந்ததும் இருவருக்கும் கண்கள் பெரிதாயின. கோமதியின் பின்னல் காற்றில்லாமலே பறந்தது. வாசலில் ஆளுக்கொரு வாள் கொடுத்தார்கள். கையெழுத்து எதுவும் கேட்கவில்லை.

காட்சிகளைப் பற்றிச் சொன்னது உண்மை. காலையில் கடல் தலைக்கு மேலே தொங்கியது. அதில் மீன்கள் மல்லாந்து நீந்தின. மதியம் ஒரு கண்ணாடி மலை வந்தது. அதன் ஒவ்வொரு சில்லிலும் ஒரு சூரியன் இருந்தது. மாலையில் சோளக்காடு முழுவதும் நீல நெருப்பு பற்றி நின்றது. ஒரு தட்டைகூடக் கருகவில்லை.

"அக்கா, வண்டிய நிறுத்து. ஒரு போட்டோ எடுத்துக்கிடுதேன்."

"எத்தன போட்டோதாம்ல எடுப்ப?"

எல்லா ஊர் எல்லையிலும் சண்டை இருந்தது. கூரைகளிலிருந்து ஆட்கள் குதிப்பார்கள். குதித்து முடிக்க வெகுநேரம் ஆகும். அந்தரத்தில் நின்றபடியே பேசுவார்கள்.

"வந்துட்டியா?"

"வந்துட்டேன்."

"அப்ப சாவு."

அடிக்கும் முன்பு அடியின் பெயரைக் கத்த வேண்டும். இல்லாவிட்டால் வாள் வெட்டாது. கோமதிக்கு அடிகளின் பெயர் எதுவும் தெரியாது. தெரிந்த வேன் ஸ்டாப்புகளின் பெயரைக் கத்தினாள். "முருகன்குறிச்சி!" என்று கத்தி ஒருவனின் தோளை இறக்கினாள். "சமாதானபுரம் ஸ்டாப்!" என்று கத்தி இன்னொருவனை இடுப்போடு இரண்டாக்கினாள். ரத்தம் விசிறி போல விரிந்தது. பிறகு செவ்வரளிப் பூவாக உதிர்ந்தது. துணியில் ஒட்டவில்லை. வெட்டுப்பட்டவர்கள் நல்ல வெளிச்சத்தில் விழுந்தார்கள்.

எங்கே போகிறோம் என்பது மட்டும் நிலையாக இல்லை. முதல் ஊரில், ஓர் இளவரசியை மீட்கப் போகிறீர்கள் என்றார்கள். அடுத்த ஊரில் அது ஏதோ மருந்து. அதற்கடுத்த ஊரில் ஒரு வெண்கல மணி. இளவரசி என்ன ஆனாள் என்று கோமதி கேட்டாள். யாருக்கும் அப்படி ஒருத்தியைத் தெரியவில்லை.

சங்கரபாண்டிக்கு வாள் பிடிக்க வராது. அடிக்கடி செத்தான். முதல் தடவை கோமதி ஸ்டியரிங்கில் தலையை மோதி மோதி அழுதாள். மறுநாள் காலையில் அவன் பின்சீட்டில் உட்கார்ந்து புளியோதரை தின்றுகொண்டிருந்தான்.

"எப்பல வந்த?"

"இப்பதான்."

"செத்துல்லா போன. எப்படில வந்த?"

"தெரியலக்கா. அதக் காட்டல."

அடுத்த தடவை அவள் கொஞ்சம் அழுதாள். அதற்கடுத்த தடவை அழவில்லை. பிறகெல்லாம், சாகும்போது ஜன்னலைத் திறந்து போட்டுவிட்டுப் போனதற்காக அவனை ஏசினாள்.

பூக்களால் கட்டிய பாலத்தில் பொன்னுத்துரை என்றொருவன் நின்றான். ஆறடிக்கு மேல் உயரம். வெள்ளை முடி முழங்கால் வரை தொங்கியது. ஒரு கண்ணில் மட்டும் கண்ணீர். அவன் தன் அடியின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பாலத்தின் கீழே நதி நிறம் மாறிவிட்டது. அவன் வாள் சங்கரபாண்டியின் கழுத்துக்குள் போய்ப் பிடரி வழியாக வந்தது. சங்கரபாண்டி ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். பூதான் வந்தது.

"சரில, நாளைக்குப் பாப்போம்," என்றாள் கோமதி. வேனுக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

காலையில் பின்சீட்டு காலியாக இருந்தது. புளியோதரைப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. கோமதி ஹாரன் அடித்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கிளம்பத் தாமதமானால் அடிப்பதுபோல விட்டு விட்டு அடித்தாள். பிறகு பாலத்துக்கு நடந்தாள்.

அவன் கிடந்த இடத்திலேயே கிடந்தான். உதட்டில் ஓர் ஈ உட்கார்ந்திருந்தது. அந்தப் படத்தில் அதுவரை ஈ இல்லை.

அவள் ஈயை ஓட்டினாள். அது திரும்ப வந்தது. திரும்ப ஓட்டினாள். இந்தத் தடவை ஏன் வரவில்லை என்று கேட்க யாரும் இல்லை. போன தடவைகளில் ஏன் வந்தான் என்று அவள் கேட்டு வைக்கவும் இல்லை.

பொன்னுத்துரை பாலத்தின் கைப்பிடியில் உட்கார்ந்திருந்தான்.

"என் தம்பிய ஏன் கொன்ன?"

"நீங்க வந்தீங்க."

"வந்தா?"

"வந்தா கொல்லணும்."

"யார் சொன்னா?"

அவன் யோசித்தான். முடி ஆடியது. "யாரும் சொல்லல."

"அவன் இன்னும் எந்திரிக்கல."

"எந்திரிச்சிருக்கணுமே," என்றான். இறங்கி வந்தான். சங்கரபாண்டியின் பாதத்தை விரலால் தொட்டுப் பார்த்தான். "இப்படி ஆனதே இல்ல."

கோமதி அவனை அறைந்தாள். வாளை எடுக்கவில்லை. எந்தப் பெயரையும் கத்தவில்லை. திரும்பத் திரும்ப அறைந்தாள். உதடு கிழிந்தது. அவன் தடுக்கவில்லை.

"வெட்டணும்னா வெட்டுங்க," என்றான். "எனக்கு இதுக்கு மேல ஒண்ணும் எழுதல. சும்மாதான் இருக்கேன்."

"சும்மா இருந்தா கால்மாட்டப் புடி. பொதைக்கணும்."

பாலத்தைத் தாண்டிப் புல்வெளி இருந்தது. ஒவ்வொரு புல்லையும் தனித்தனியாக வரைந்திருந்தார்கள். ஒவ்வொரு நுனியிலும் பனித்துளி. ஒவ்வொரு துளிக்குள்ளும் வானம். பொன்னுத்துரை தன் பெரிய வாளால் தோண்டினான். ஒரு சாண் இறங்கியதும் சத்தம் நின்றது.

கோமதி குனிந்து பார்த்தாள். புல்லுக்குக் கீழே மண் இல்லை. வெள்ளையாக இருந்தது. கையை விட்டாள். சூடும் இல்லை, குளிரும் இல்லை. தோள் வரை விட்டும் எதுவும் தட்டுப்படவில்லை. கீழே வரையாமல் விட்டிருந்தார்கள்.

வேறு இடத்தில் தோண்டினார்கள். மரத்தடியில், ஆற்றங்கரையில், மலையடியில். எங்கும் அதேதான். அந்த வெள்ளைக்குள் அவனைப் போட அவளுக்கு மனம் வரவில்லை. போட்டால் விழுந்துகொண்டே இருப்பான்.

"கடலோரத்துல ஒரு ஊரு இருக்கு," என்றான் பொன்னுத்துரை. "அங்க ஒரு வீட்ல மொளகாச் செடி வச்சிருக்காங்க. காய்க்குதுன்னு சொன்னாங்க."

"காய்ச்சா மண்ணு இருக்கும்."

"இருக்கணும்."

சங்கரபாண்டியைப் பின்சீட்டில் படுக்கவைத்தார்கள். பொன்னுத்துரை முன்னால் ஏறி முடியைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டான். வேன் கிளம்பியது. டீசல் நாற்றம் அடித்தது. வழியில் ஒரு திமிங்கலம் நிலவைச் சுமந்துகொண்டு சாலையைக் கடந்தது. கோமதி அது போகும்வரை காத்திருந்து கியரை மாற்றினாள். அவளுக்கு இப்போது எங்கே போகிறோம் என்று தெரியும். முதுகு வலித்தது.

கடலோர ஊரில் கூரைகளிலிருந்து ஆட்கள் குதித்தார்கள். இந்தத் தடவை யாரும் அந்தரத்தில் நிற்கவில்லை. தொப் தொப்பென்று விழுந்தார்கள். ஒருவனுக்குக் கணுக்கால் முறிந்தது. முறிந்த காலோடு ஓடிவந்து பொன்னுத்துரையின் வயிற்றில் குத்தினான். பொன்னுத்துரை அவனை வெட்டிவிட்டுத் தன் வயிற்றைப் பார்த்தான்.

"வலிக்குது," என்றான் ஆச்சரியத்தோடு. பிறகு உட்கார்ந்தான். பிறகு சாய்ந்தான்.

கோமதி பெயர் எதுவும் கத்தவில்லை. வாள் வெட்டியது. முதல் ஆளின் ரத்தம் அவள் முகத்தில் பட்டது. சூடாக இருந்தது. பூவாகவில்லை. வாய்க்குள் போனது உப்புக் கரித்தது. அவள் துப்பிவிட்டு அடுத்தவனை வெட்டினாள். விரல்கள் விழுந்தன. ஒருவன் அம்மா என்று கத்தினான். ஒருவன் வாளைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டான். அவள் கை முன்பே கிளம்பிவிட்டிருந்தது. நிற்கவில்லை.

மிளகாய்ச் செடி இருந்த வீட்டு வாசலில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் நின்றார். அவரை அழகாக வரையவில்லை. சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. பெயிண்ட் வாளி ஒன்றை இரண்டு கையாலும் அணைத்திருந்தார். வாளியில் செடி. செடியில் நாலைந்து காய்.

"மண்ணு வேணும்," என்றாள் கோமதி. "என் தம்பிக்கு."

"தர முடியாதும்மா. ஊர்ல இருந்து நாங்க வரும்போது கொண்டாந்தது. எனக்கு நெஞ்சுவலி. எப்ப வேணாலும் தேவப்படும்."

"நீங்க உசுரோடதான இருக்கீங்க."

"இன்னைக்கு இருக்கேன்."

அவள் வாளியை இழுத்தாள். அவர் விடவில்லை. மறுபடி இழுத்தாள். அவர் விடவேயில்லை. அவள் குத்தினாள். அவர் மெதுவாக விழவில்லை. வெளிச்சம் எதுவும் வரவில்லை. வாள் விலாவில் மாட்டிக்கொண்டது. அவர் மார்பில் காலை ஊன்றித்தான் உருவ முடிந்தது. வாளி கவிழாமல் நின்றது.

உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தாள். பெயர் மரியபுஷ்பம். புருஷனைப் பார்த்தாள். நாடி பார்த்தாள். கண்ணை மூடிவிட்டாள்.

"எதுக்கு?" என்று கேட்டாள்.

கோமதி சொன்னாள். ஊட்டியில் அறை கிடைக்காததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஈயைச் சொன்னாள். வெள்ளையைச் சொன்னாள். மரியபுஷ்பம் முழுவதையும் கேட்டாள்.

"தம்பிய எறக்கு," என்றாள்.

இருவரும் அவனைத் தூக்கிவந்தார்கள். பொன்னுத்துரையையும் இழுத்துவந்தார்கள். மூன்று பேரையும் வரிசையாகக் கிடத்தினார்கள். மரியபுஷ்பம் செடியை வேரோடு பிடுங்கி ஓரமாக வைத்தாள். வாளியைப் பார்த்தாள்.

"முழு ஆளுக்குக் காணாது. மொகத்துக்குத்தான் வரும்."

"மொகத்துக்குப் போதும்க்கா."

செம்மண். ஈரமாக இருந்தது. கை கையாக அள்ளினார்கள். மரியபுஷ்பம் தன் புருஷனுக்குப் போட்டாள். பொன்னுத்துரைக்கும் கொஞ்சம் போட்டாள். கோமதி தம்பிக்குப் போட்டாள். நெற்றியில், கண்களில், வாயில். மூக்கு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. வாளியின் அடியைச் சுரண்டி மூக்கையும் மூடினாள். அப்போதுதான் அழுகை வந்தது. மரியபுஷ்பம் அவள் முதுகில் கை வைத்தாள். அழுது தீரும்வரை கையை எடுக்கவில்லை.

பிறகு எடுத்தாள். சேலையைத் தூக்கிச் செருகினாள். புருஷன் பக்கத்தில் கிடந்த கோமதியின் வாளை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினாள். கனமாக இருந்தது. முனை ஆடியது.

கோமதி மண்டியிட்டபடியே திரும்பிப் பார்த்தாள். அந்தப் படத்தில் முதல் தடவையாகக் காரணத்தோடு ஒருத்தி அவள் முன்னால் நின்றாள்.

"தம்பிக்குக் காது தெரியுது," என்றாள் மரியபுஷ்பம். "அதையும் மூடிட்டு எந்திரி."

வாளி காலியாக இருந்தது. கோமதி தன் உள்ளங்கைகளைத் தேய்த்தாள். ஒட்டியிருந்த மண்ணைக் காதில் உதிர்த்தாள். நகக்கண்ணில் இருந்ததையும் எடுத்துப் போட்டாள். காது மூடியது.

எழுந்தாள்.