வெட்டியதும் ஒட்டிக்கொண்ட துணி

தையற்காரி காலையில் வெட்டிய துணி மதியத்துக்குள் தானாகவே ஒட்டிக்கொண்டது. முதலில் ஒரு சட்டையின் கழுத்து மூடியது, அப்புறம் பொத்தான் துளைகள். விரலில் ஊசி ஏறினாலும் இரத்தம் எட்டிப் பார்ப்பதற்குள் தோல் சேர்ந்துவிடும். தெருவே கைராசி என்றது. கிழிந்ததையெல்லாம் அவள் மேசையில் போட்டுவிட்டு, சாயங்காலம் முழுசாக எடுத்துப் போனார்கள்.

அவள் தங்கைக்கு மட்டும் உறுத்தியது. லேப்பில் இரத்த அணுக்களை எண்ணுகிறவள், சும்மா கிடைக்கிற எதையும் நம்பாத ஜென்மம். அக்காவின் வயிறு உப்பியிருந்தது. இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

"கேஸுடி. காயம் மூடுறது நல்லதுதானே?"

"யாருக்கு நல்லதுன்னு பாக்கணும். கைய நீட்டு."

நான்காவது ஊசியில்தான் இரத்தம் கிடைத்தது. நாலரை லட்சத்தைத் தாண்டக் கூடாத தட்டணுக்கள் ஏழு லட்சம் இருந்தன. ஆறு மாதத்துக்கு முன்பு அதே லேப்பில் எடுத்த சோதனையிலேயே ஆறு லட்சம். அங்கே தட்டணு குறைந்தால்தான் டாக்டருக்குப் போன் பறக்கும். கூடினால் இரத்தசோகையாக இருக்கும் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார்கள். அன்று போட்டவள் இவள்தான். அந்தக் கையெழுத்தை நினைத்தால் இவளுக்கே சோறு இறங்கவில்லை.

ஸ்கேனில் சினைப்பைப் புற்றுநோய் என்று தெரிந்தது.

"தட்டணுங்க காயத்த அடைக்க வர்ற அணுக்கள்தான்மா," என்றார் டாக்டரம்மா. "கட்டி அதுங்கள நெறையா வரவழைச்சுக்கும். அதுங்களும் புத்துநோய் அணுவச் சுத்தி நின்னு, உடம்போட காவலுக்குத் தெரியாம மறைச்சிடும்."

"திருடனுக்குப் போர்வை போத்துற வேலை," என்றாள் தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு.

அறுவைச் சிகிச்சையன்று கத்தி போன தடம் பின்னாலேயே மூடிக்கொண்டு வந்தது. இரண்டு நர்சுகள் இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து நிற்க, டாக்டரம்மா திட்டிக்கொண்டே ஆறு மணி நேரம் வெட்டினார். பிறகு ஆறு தவணை மருந்து. ஏழு லட்சம் ஐந்தானது, மூன்றானது. தங்கை மெஷினை நம்பாமல் ஒவ்வொரு தடவையும் கண்ணாலும் எண்ணினாள்.

மருந்து முடிந்த அடுத்த மாதம் அக்கா ஒரு துணியை வெட்டினாள். இருவரும் சாயங்காலம் வரை மேசையருகே காவல் இருந்தார்கள். இரண்டு துண்டும் இரண்டாகவே கிடந்தன. ஊசி கோக்கும்போது அக்காவின் விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எழுந்தது. அவள் விரலை வாயில் வைக்கப் போக, தங்கை கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இரு, அக்கா. கொஞ்சம் வரட்டும்." அழுகையை அவளால் அடக்க முடியவில்லை.

கழுத்து மூடிய அந்தப் பழைய சட்டை மட்டும் திறக்கவே இல்லை. அக்கா அதைத் தலையணை உறையாக்கிக்கொண்டாள். தங்கை வரும்போதெல்லாம் அதை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறாள்.