சம்பந்தியின் இடது கால்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பேச்சாகத்தான் வந்தது. அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். முகம் தெரியவில்லை, இரண்டு கொண்டைகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன. ஒரு கொண்டை சொன்னது: "அம்புட்டுத் தூரம் நடந்தோமே, எனக்குக் கொஞ்சம்கூட கால் வலிக்கலை."

மற்றக் கொண்டை பதில் சொல்லவில்லை. குன்னம் வந்தது, பேரளி வந்தது, பதில் மட்டும் வரவில்லை. வலிக்கவில்லை என்று ஒருத்தி சொன்னால் "பரவால்லையே" என்றாவது சொல்ல வேண்டாமா? நான் பெரம்பலூரில் இறங்கி வீடு வந்து சேரும்வரை, பேசாமல் வந்த அந்தப் பெண் என் கூடவே வந்தாள். எனக்குக் கதை காதில்தான் ஏறும். மூக்கு எப்படி, புடவை என்ன நிறம் என்பதெல்லாம் பிற்பாடு நானாக ஒட்டிக்கொள்வது. அவளுக்கு அம்சவள்ளி என்று பெயர் வைத்தேன். ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டுக்கேட்டு எழுதியதுதான் இது.

2

முதல் தொடக்கம்: "பாதயாத்திரை என்பது உடலை வருத்தி உள்ளத்தைத் தூய்மை செய்யும் ஒரு—"

கோயில் மலரில் போடுவதற்கு எழுதியது போலிருந்தது. கிழித்துவிட்டேன். இந்த இரண்டு பெண்களும் உடம்பை வருத்திக்கொள்ளப் புறப்பட்டவர்கள் இல்லை. சௌகரியமாக நடக்க வேண்டும், வழியில் நல்லதாகச் சாப்பிட வேண்டும் என்று திட்டம் போட்டுப் புறப்பட்டவர்கள்.

இரண்டாவது தொடக்கம், இது நிற்கும் என்று நினைக்கிறேன்:

அம்சவள்ளி அரியலூரில் இருபது வருடமாக மெஸ் நடத்துகிறாள். சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரிக்காரர்கள்தான் அவளுடைய கூட்டம். எந்த ஊரில் எந்தக் கடையில் எது ருசி என்பதை அவர்கள் சாப்பிடும்போதே சொல்லிவிடுவார்கள். அதனால் நடைக்கான ஏற்பாடு முழுவதும் அவள் தலையில் வந்தது. சம்பந்தி சுந்தராம்பாளுக்குப் போனில் ஒப்பித்தாள்.

"செவ்வாக்கிழமை காலைல, உங்களுக்குப் பக்கம்னு, கீழப்பழுவூர்ல பொறப்படுறோங்க. வெயிலுக்கு முன்னாடி கொஞ்சம், நாலு மணிக்கு மேல கொஞ்சம். துணிப்பையை பஸ்ஸுல குடுத்துடலாம், கண்டக்டர் தெரிஞ்ச புள்ள, அடுத்த ஊர்ல எறக்கி வச்சுருவாரு. அரியலூர்ல நம்ம மெஸ்ஸுலயே வரகரிசிச் சோறு, பச்சை முந்திரி போட்ட கொழம்பு. மறுநாள் குன்னம். அங்க ஒரு அக்கா கம்பங்கூழ் விக்கும், மோர் மொளகா வறுத்து வைக்கும். வியாழன் பெரம்பலூர். சின்ன வெங்காயம் வதக்கி நாட்டுக்கோழி—"

"கோயிலுக்குப் போறப்ப கோழியா?"

"சரிங்க, கோழி திரும்பி வர்றப்ப. வெள்ளி விடிகாலைல சிறுவாச்சூர்."*

* சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலில் வழக்கமாகத் திங்களும் வெள்ளியும்தான் நடை திறப்பார்கள். தெரிந்தவர்கள் இதைத் தாண்டிப் போங்கள். தெரியாதவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: வெள்ளியை விட்டால் திங்கள்.

ஏன் இருவரும் சேர்ந்து? சுந்தராம்பாளின் மகன் சுதர்சன் பைக்கிலிருந்து விழுந்து ஒன்பது நாள் கண் திறக்காமல் கிடந்தான். பெற்றவள் ஒரு பக்கம் வேண்டிக்கொண்டாள். பெண் கொடுத்தவள் இன்னொரு பக்கம் வேண்டிக்கொண்டாள். ஒருத்தி வேண்டியது மற்றவளுக்குத் தெரியாது. அம்மன் ஒருத்திதான், வேண்டுதலும் ஒன்றுதான்: நடந்தே வருகிறோம். பையன் எழுந்து உட்கார்ந்த பிறகு விஷயம் வெளியே வந்தது.

3

இப்போது சுந்தராம்பாளைச் சொல்ல வேண்டும். சுந்தராம்பாள் ஆணவம் பிடித்த—

(இல்லை. அப்படி எழுதிவிட்டால் மீதிப் பக்கமெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே போகலாம், எனக்கு வேலை மிச்சம். ஆஸ்பத்திரியில் அந்த ஒன்பது நாளில் ஒரு மத்தியானம் அம்சவள்ளியின் தோளில் சாய்ந்து வாய் திறந்து தூங்கியவளும் இவள்தான்.)

நிலபுலன் உள்ள வீட்டுக்கு மருமகளாய்ப் போனவள். மகன் காதலித்து, பதிவு ஆபீசில் மாலை மாற்றிக்கொண்ட பெண், அவர்கள் களத்தில் தலைமுறையாகக் கூலி வேலை செய்த தெருவைச் சேர்ந்தவள். ஆறு வருடமாகிறது. அம்சவள்ளி வீட்டில் சுந்தராம்பாள் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. சண்டை கிடையாது. "இப்பத்தான் குடிச்சேன்" என்பாள், அவ்வளவுதான். சம்பந்தி என்று கூப்பிட மாட்டாள், பேர் சொல்லியும் கூப்பிட மாட்டாள். "பஸ் வந்துருச்சு போலருக்கே" என்று காற்றைப் பார்த்துப் பேசுவாள்.

செவ்வாய்க்கிழமை அரியலூர் வந்ததும் அதே கதை. வரகரிசிச் சோறு ஆவி பறக்கிறது, முந்திரிக் குழம்பு கொதிக்கிறது. சுந்தராம்பாள் தெரு முனையிலேயே நின்றாள்.

"எங்க சின்னம்மா பொண்ணு வூடு இங்கதான். சாப்புடாம போனா கோச்சுக்கும்."

"ஆக்கச் சொல்லி வச்சுட்டேங்களே."

"காலைல பஸ் ஸ்டாண்டுகிட்ட நிக்கிறேன்."

சமைத்ததை லாரிக்காரர்கள் சாப்பிட்டார்கள். "இன்னிக்கி என்னக்கா, கல்யாணமா?" என்று கேட்டார்கள். "ஆமாண்டா, வயித்தெரிச்சலுக்குக் கல்யாணம், இன்னொரு கரண்டி வச்சுக்க" என்றாள் அம்சவள்ளி.

4

இந்தக் கதையில் இருக்கும் ஆபத்தை இனியும் தள்ளிப்போட முடியாது. அதைச் சொல்கிறவள் அம்சவள்ளியின் மகள் கலையரசி. நர்ஸாக இருக்கிறாள். புறப்படும் முன்பே சொல்லிவிட்டாள்.

"அம்மா, நல்லாக் கேட்டுக்க. அத்தைக்குச் சர்க்கரைல பாதம் மரத்துப் போச்சு. ஆணி குத்துனாக்கூட தெரியாது. போன வருசம் வலது கால்ல சுண்டு விரல எடுத்தாச்சு. இன்னொரு புண்ணு வந்து நம்ம கவனிக்காம விட்டா விரலோட நிக்காது, முட்டி வரைக்கும் போயிரும். நடக்காதீங்கன்னு நான் சொன்னா கேக்க மாட்டாங்க. அவங்களால குனிஞ்சு உள்ளங்கால பாக்கவும் முடியாது. தெனம் சாயங்காலம் ஷூவக் கழட்டி நீதான் பாக்கணும்."

"ம்."

"என்னா ம்மு?"

"பாக்குறேன்டி."

செவ்வாய்க்கிழமை அவள் பார்க்கவில்லை. சம்பந்தி வேறு வீட்டுக்குப் போய்விட்டாள். புதன்கிழமை குன்னத்தில், கூழ்க்கார அக்கா வீட்டு முன்னறையில், இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தார்கள். சுந்தராம்பாள் இரண்டு சொம்பு கூழ் குடித்துவிட்டு (அந்த அக்கா யார் என்ன என்று அவள் கேட்கவே இல்லை, இதை அம்சவள்ளி கவனித்தாள்) காலை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"காலப் பாக்கணும்னு கலை சொல்லிச்சுங்க."

"நானே பாத்துக்கிட்டேன்."

"எப்புடிங்க பாத்தீங்க?"

"கண்ணாலதான்."

அம்சவள்ளி அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. போன் வந்தபோது, "பாத்தேன்டி, நல்லாருக்கு" என்றாள்.

ஏன் பொய் சொன்னாள்? இந்த இடத்தில் நான்கு நாள் நின்றுவிட்டேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஏம்மா அம்சவள்ளி, ஒரு நிமிஷ வேலைதானே என்று கேட்டேன். அவள் சொன்னது இது:

அப்போது அவளுக்கு ஒன்பது வயது. ஊர்ப் பெயரை எழுதி அடித்துவிட்டேன். சுந்தராம்பாளின் மாமனார் களத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். அம்சவள்ளியின் அம்மா காய்ச்சலில் ஒரு நாள் வேலைக்குப் போகவில்லை. அதற்காக அவர் காலில் விழுகிறாள். நெற்றி அவர் விரல்கள்மேல் கிடக்கிறது. அவர் காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை, எழுந்திரு என்று சொல்லவும் இல்லை. பக்கத்தில் இருப்பவரிடம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு முடிகிறவரை அம்மா எழுந்திருக்கவில்லை.

அந்த வீட்டுக் காலுக்குக் குனிவதில்லை. அன்றிலிருந்து அம்சவள்ளிக்கு இருந்த ஒரே சொத்து அந்த முடிவுதான். கல்யாணத்தன்று, பதிவு முடிந்து மகளும் மருமகனும் பெரியவர்கள் காலில் விழுகிற நேரத்தில் அவள் விருந்துக்கு இலை போடப் போய்விட்டாள்.

இது சுந்தராம்பாளுக்குத் தெரியாது. யாரும் சொன்னதில்லை.

5

வியாழன் காலை. குன்னத்திலிருந்து பெரம்பலூர் சாலை. இருப்பதிலேயே நீளமான நடை இன்றைக்குத்தான். ஓரமெல்லாம் வெள்ளைப் புழுதி, இரண்டு பக்கமும் மக்காச்சோளம். சுந்தராம்பாள் முன்னால் போகிறாள், கலையரசி வாங்கிக் கொடுத்த மெத்தென்ற ஷூவில், கோயில் யானை மாதிரி அசைந்து. அம்சவள்ளி பின்னால்.

வெள்ளைப் புழுதியில் ஒரு பொட்டு. அம்சவள்ளி அதைத் தாண்டினாள். இரண்டு எட்டு தள்ளி இன்னொன்று. ஒரு ரூபாய்க் காசளவு, சிவப்பு. வலது கால் தடத்தில் இல்லை. இடது கால் தடத்தில் மட்டும், குதிகாலுக்குக் கொஞ்சம் முன்னால்.

ஏதோ ஆணி ஷூவின் அடிப்பாகத்தைக் குத்திக்கொண்டு உள்ளே போயிருக்கிறது. நேற்றா, இன்றைக்கா?

"இன்னிக்கி என்ன டிபன்?" முன்னாலிருந்து குரல் வந்தது.

"கம்பு தோசைங்க."

"தொட்டுக்க?"

"சின்ன வெங்காயச் சட்டினி."

"நல்லெண்ண ஊத்துவானா?"

"ஊத்துவாங்க."

எட்டு, ஒன்பது, பத்து. அம்சவள்ளி பொட்டுகளை எண்ணிக்கொண்டே நடந்தாள். நாற்பதுக்குமேல் எண்ணவில்லை.

கடையில் ஒரு மேசை, அதற்கு இரு பக்கமும் நீளமான பெஞ்சுகள். சுந்தராம்பாள் உட்கார்ந்து, முறுகலான தோசையைப் பிய்த்துச் சட்னியில் புரட்டி வாயில் போட்டுக் கண்ணை மூடினாள். மேசைக்குக் கீழே இடது ஷூவின் ஓரத்தில் ஈ வந்து உட்கார்ந்தது.

"கால் வலிக்கலைங்களா?" அம்சவள்ளியின் குரல் அவளுக்கே வேறாகக் கேட்டது.

"கொஞ்சம்கூட வலிக்கலை. சும்மா சொல்லக்கூடாது, நல்லாத்தான் ஏற்பாடு பண்ணிருக்கே. என்னமோன்னு நெனச்சேன்." தட்டில் கை படாத பாதித் தோசையைப் பிய்த்து எதிர்த் தட்டில் வைத்தாள். "எடுத்துக்க. ஒண்ணு உனக்கு எந்த மூலைக்கு."

ஆறு வருடத்தில் அவள் கையால் அம்சவள்ளி தட்டில் விழுந்த முதல் சாப்பாடு. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சொன்னால் இந்த நடை இங்கேயே முடிந்துபோகும். சொல்லாவிட்டால்—

6

இங்கே நான் போட்டுப் பார்த்த முடிவுகள்.

(அ) அம்சவள்ளி மண்ணில் மண்டியிட்டு ஷூவைக் கழற்றுகிறாள். ரத்தத்தைத் தன் முந்தானையால் துடைக்கிறாள். சுந்தராம்பாள் கண்ணீரோடு "சம்பந்தி" என்கிறாள். படிக்கிற உங்களுக்கும் தொண்டை அடைக்கும். எழுதி முடித்துவிட்டு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் படித்தபோது உடம்பு கூசியது. அந்தக் கிழவர் களத்தில் செய்ததை நான் காகிதத்தில் செய்திருக்கிறேன். நெற்றியைக் காலில் வைக்கவைத்துவிட்டு, அதற்கு அன்பு என்று பேர் கொடுத்திருக்கிறேன்.

(ஆ) அம்சவள்ளி சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை தரிசனம். அடுத்த வாரம் ஆஸ்பத்திரி, முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. மாமனார் செய்ததற்கு மருமகள் காலை வாங்கிக்கொள்கிற கதை. தோசையில் பாதி கொடுத்தவளுக்கு இதைச் செய்ய எனக்கு மனமில்லை.

(இ) கலையரசிக்கு வீடியோ கால். நல்ல யோசனைதான். ஆனால் ஷூவை யார் கழற்றுவது? கலையரசி நாடாவைக் கழன்றுவிடாதபடி இறுக்கிக் கட்டக் கற்றுக்கொடுத்து அனுப்பியிருக்கிறாள். குன்னத்து அக்கா காலையில் கட்டிவிட்டாள். கடைக்காரரைக் கூப்பிட்டால், முன்பின் தெரியாத ஆம்பளையிடம் சுந்தராம்பாள் காலைக் கொடுப்ப—

(இதையும் பாதியில் விட்டேன். போன், கடைக்காரர் என்று நான் ஆள் தேடுவதெல்லாம் அம்சவள்ளியைப் பேசவிடாமல் இருக்கத்தான் என்று புரிந்தது.)

7

நான் மூன்றையும் அடித்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது அவள் பேசினாள்.

"சம்பந்தி, உங்க ஷூவுல ரத்தம்."

"எங்க?"

"எடது கால்ல. கொஞ்ச தூரமா ரோட்டுல விட்டுக்கிட்டே வர்றீங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"தெரியாதுங்க. அதுதான் பயம்."

சுந்தராம்பாள் விரலிலிருந்த சட்னியைத் தட்டில் வழித்தாள். "பெரம்பலூர் போயிப் பாத்துக்கலாம். விடிஞ்சா வெள்ளி. இப்ப ஆஸ்பத்திரின்னு போனா திங்கக்கெழமைக்கு எவன் என்னை வெளில விடுவான்?"

"பெரம்பலூருக்கு இன்னும் ரொம்ப தூரம். ஏதோ ஆணி குத்தி உள்ள போயிருக்கு, அது வரைக்கும் சும்மா இருக்குமா?"

"நேத்து நல்லாத்தான இருந்துச்சு."

"நேத்து நீங்களும் பாக்கல, நானும் பாக்கல. நீங்க என்கிட்டப் பொய் சொன்னீங்க, நான் அந்தப் புள்ளைகிட்டப் பொய் சொன்னேன்."

சுந்தராம்பாளுக்கு அப்போதுதான் முகம் மாறியது. வலது ஷூவின் முனையைப் பார்த்தாள். அதற்குள் ஒரு விரல் குறைவு. பிறகு இடது காலை மேசைக்கு வெளியே, தரையோடு தரையாக நீட்டினாள்.

"சரி, பாரு. கழட்டு."

அம்சவள்ளி எழுந்து பக்கத்தில் வந்து நின்றாள். நின்றபடியே இருந்தாள்.

"நான் குனிய மாட்டேங்க."

"முட்டி வலியா?"

"முட்டி நல்லாத்தான் இருக்கு."

"பின்ன?"

"எங்கம்மா உங்க மாமனார் கால்ல விழுந்துச்சு. காச்சல்ல படுத்ததுக்கு. அவரு பேசி முடிக்கிற வரைக்கும் எந்திரிக்கல. எனக்கு ஒம்பது வயசு, பக்கத்துலதான் நின்னேன்."

லாரி ஒன்று போனது. பின்னாலேயே இன்னொன்று. புழுதி கடைக்குள் வந்து அடங்கியது.

"எனக்குத் தெரியாது" என்றாள் சுந்தராம்பாள்.

"தெரிஞ்சிருக்காது. நீங்க வர்றதுக்கு முன்னாடி. நான் காலப் பாக்க மாட்டேன்னு சொல்லல. ஆணிய எடுக்கக் கூடாது, துணி வச்சுக் கட்டி, ஆட்டோ புடிச்சு, ஆஸ்பத்திரி வரைக்கும் கூட வருவேன். ஆனா குனிய மாட்டேன். நீங்க தூக்குங்க. இந்த பெஞ்சு மேல வைங்க. நின்னுக்கிட்டே கழட்டுறேன்."

"திங்குற எடத்துல காலை வைக்கிறதா?"

"தொடச்சுக்கலாம்."

"மூஞ்சிக்கு நேராக் காலை நீட்டுறதா? நல்லாவா இருக்கும்?"

"நீட்டுங்க."

கடைக்காரர் கரண்டியோடு திரும்பிப் பார்த்தார். சுந்தராம்பாள் இரண்டு கைகளையும் இடது தொடைக்கு அடியில் கொடுத்தாள். மூச்சைப் பிடித்தாள். இடுப்பு ஒத்துழைக்கவில்லை. ஷூ தரையைவிட்டு நாலு விரற்கடை எழும்பியது.

பெஞ்சு முழங்கால் உயரம். அடிப்பாகத்திலிருந்து இன்னொரு சொட்டு விழுந்தது.

நான் ஒரு வரியில் தூக்கிவைத்துவிடலாம். "வைத்தாள்" என்று எழுதினால் வைத்தாகிவிடும். அப்படி எழுதினால் தூக்கியது நானாகத்தான் இருப்பேன், சுந்தராம்பாள் இல்லை. கால் அவளுடையது, கனமும் அவளுடையதுதான். தூக்குவாளா, மானம் போகிறது என்று தரையில் விட்டுவிடுவாளா, பிடிவாதமாகப் பெரம்பலூருக்கு நடப்பாளா, எனக்குத் தெரியவில்லை. இந்த மாதிரி வீடுகளோடு பழகியவர்கள் நீங்களும்தான், நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். காலைக் காப்பாற்றுங்கள், விட்டுவிடுங்கள், வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோங்கள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கவையுங்கள்.

அம்சவள்ளியை மட்டும் குனிய வைக்காதீர்கள்.