நூலுக்குக் கீழே பந்து

சபியா உம்மாவை எனக்குப் பிடிக்காது. அவளுக்கும் என்னைக் கண்ணில் காட்டக் கூடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என்னில் குறை பிடிக்காதீர்கள்.

எழுபத்தொன்பதாம் வருடம் மருதமுனையில் எங்கள் கழகத்துச் சின்னப் பொடியன்களுக்கு நான்தான் உதைபந்து பழக்கினேன். கடற்கரை மணலில் பந்து உருளாது. பள்ளிக்கூட மைதானம் பெரியவர்களுக்கு. இறுகிய தரை உள்ள வீட்டு வளவு என்று கிடைத்தது அவளுடையது ஒன்றுதான். அது அவளுக்குச் சீதனமாக வந்த வளவு. அதனால் புருசன்காரன்கூட அங்கே வாய் திறக்கமாட்டார். மகன் முனாப் என் அணியில் முன்னால் நின்று ஆடுகிறவன் என்றபடியால்தான் எங்களை உள்ளே விட்டாள்.

அவளுக்கு நெசவுத் தொழில். தறியில் ஏற்றவேண்டிய பாவு நூலுக்குக் கஞ்சி போட்டு, வளவின் நீளத்துக்கு இடுப்பு உயரத்தில் இழுத்துக் கட்டிக் காயவைப்பாள். முதல் நாளே ஒருவன் ஓங்கி அடித்த பந்து அதன் நடுவில் விழுந்தது. நாலைந்து இழை அறுந்தது. மனுசி மீன் வெட்டுகிற கத்தியோடு வந்தாள். பந்தைக் காலால் அமத்திப் பிடித்து இரண்டாகப் பிளந்து என் முன்னால் எறிந்தாள்.

"இந்தா, இப்ப ரெண்டு பந்து இரிக்கி. ரெண்டு பக்கமும் நிண்டு அடிங்க."

"ராத்தா, இது கழகத்துப் பந்து!"

"இது என்ட சோறு. அறுந்த நூல ஒன்ட உம்மா வந்து முடிச்சுத் தருவாவா? பந்து நிலத்தோட போனா வெளயாடு. நூலுக்கு மேல எழும்பினா வல்லாஹி வெட்டுவன்."

கழகத் தலைவர் மீராமுகைதீன் ஹாஜியார் இன்னொரு பந்து வாங்கித் தந்தார். தரும்போதே முகத்தைச் சுளித்தார். "சீனிமுகம்மது, இதான் கடைசிப் பந்து. இந்த முறை கல்முனைக் கிண்ணத்த வெண்டா பொடியனுகள் ஒன்னோட. தோத்தா, மறுபேச்சில்லாம பந்த ஜவுபரிட்டக் குடுத்துப் போடு."

ஜவுபர் கொழும்பில் இரண்டு வருடம் ஆடிவிட்டு பூட்ஸோடு வந்தவன். வந்த நாளிலிருந்து என் அணியில் ஒரு கண். அவனிடம் பந்து போனால் என்னிடம் என்ன மிஞ்சும்? எனக்கு வேறு தொழிலும் இல்லை, மதிப்பும் இல்லை. பொடியன்கள் என்னைக் 'காக்கா, காக்கா' என்று அண்ணன் முறை வைத்துச் சுற்றி நிற்பதுதான் எனக்கிருந்த ஒரே பெருமை.

அதனால் பழக்கினேன். பாதிப் பேரை நூலுக்கு இந்தப் பக்கமும் பாதிப் பேரை அந்தப் பக்கமும் நிறுத்தினேன். பந்து நூலுக்குக் கீழால் போய், கீழால் வரவேண்டும். காலின் உட்பக்கத்தால் தட்டு. வாற பந்துக்குக் காலை விறைப்பாகக் கொடுத்தால் துள்ளி எழும்பும். காலைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, வேகத்தை வாங்கி நிறுத்து. ஒவ்வொரு நாளும் தொண்டை கிழியக் கத்தினேன். "மேல எழும்பினா கால முறிப்பன்டா!" என்றேன். மனுசி தறிக் கொட்டிலின் வாசலில் கத்தியை மடியில் வைத்துக்கொண்டு, இமை வெட்டாமல் பார்த்திருப்பாள். மூன்று மாதத்தில் ஒரு பந்தும் நூலைத் தொடவில்லை. சும்மா சொல்லக்கூடாது, அப்படிப் பந்து கொடுத்து வாங்குகிற பொடியன்களைக் கல்முனைப் பக்கம் யாரும் கண்டிருக்கமாட்டார்கள்.

இறுதி ஆட்டம் வரைக்கும் போனோம். எதிரணி ஒரு கோல் போட்டுவிட்டது. ஆட்டம் முடியப் போகிற நேரம், முனாப் பந்தோடு தனியே கோலுக்கு முன்னால் வந்துவிட்டான். கோல்காரன் பாய்ந்து நிலத்தில் விழுந்து கிடக்கிறான். அவனுக்கு மேலால் ஒரு சின்னத் தூக்கு, அவ்வளவுதான். முனாப் தூக்கவில்லை. நிலத்தோடு தட்டிக்கொடுக்க இடப்பக்கம் ஆள் தேடினான், வலப்பக்கம் தேடினான். அதற்குள் ஒருவன் வந்து பந்தைக் கொண்டு போய்விட்டான். ஊதியும் விட்டார்கள்.

நான் மைதானத்துக்குள் ஓடி அவன் சட்டையைப் பிடித்தேன். "மாடே! தூக்கி அடிக்க ஏலாதா ஒனக்கு?"

"நீங்கதானே காக்கா சொன்ன, மேல எழும்பினா கால முறிப்பன் எண்டு."

கன்னத்தில் அறையக் கை ஓங்கினேன். ஹாஜியார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு ஜவுபர் பந்தை வாங்க வந்தான். வளவின் கடப்படி வாசலில், சபியா உம்மாவுக்குப் பக்கத்தில், பூட்ஸோடு நின்றான். பொடியன்கள் எல்லாம் நூலுக்கு இந்தப் பக்கம் என்னோடு. அன்று பச்சையும் சிவப்புமாகப் புதுப் பாவு, கஞ்சி ஈரம்கூடக் காயவில்லை. மனுசியின் கையில் கத்தி.

"பந்த உருட்டி உடு, சீனிமுகம்மது," என்றான் ஜவுபர். காக்கா என்றுகூடச் சொல்லவில்லை, நாய்.

எனக்கில்லாத பந்து அவனுக்கும் எதற்கு? தூக்கி ஒரே அடி. நூலின் நடுவில் விழட்டும். மனுசி பிளக்கட்டும். கதை முடியும். நாலடி பின்னால் போய், ஓடி வந்து அடித்தேன்.

பந்து எழும்பவில்லை. நிலத்தோடு, நூலுக்குக் கீழால், நேராகச் சபியா உம்மாவிடம் போனது. தரை சரியில்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

மனுசி காலைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தாள். பந்து அவள் காலடியில் செத்துப் போய் நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நான் பந்த வெட்டவெண்டுதான் அடிச்சாய் என்ன? அதுவும் ஒனக்கு ஏலாமப் போச்சு." சீலையைச் சற்று உயர்த்திக்கொண்டு காலின் உட்பக்கத்தால் தட்டினாள். பந்து ஜவுபரின் பூட்ஸில் போய் முட்டியது.

"முனாப், அங்கால போ. மத்தவனுகளையும் கூட்டிட்டுப் போ."

முனாப் என்னைப் பார்த்தான். பிறகு குனிந்து, நூலுக்குக் கீழால் நுழைந்தான். அவன் பின்னால் ஒவ்வொருத்தனாக எல்லாரும் போனார்கள். ஒரு இழைகூட ஆடவில்லை. அப்படிப் போகப் பழக்கியது நான்.